நெடுந்தூரக் குறிக்கு எந்தத் துளையளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், நெடுந்தூரம் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்குப் புதிதாக வருகின்ற இளைஞர்களுக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் கேரம் பலகைக்கும் பெயர்பெற்ற வடசென்னையில், இந்த விளையாட்டையும் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை ஒரு நாளிதழ் கவனித்ததே எனக்கு மகிழ்ச்சி. ஆனால், துளையளவின் (அதாவது துப்பாக்கிக் குழலின் உட்குறுக்களவு; .22 என்றால் ஏறத்தாழ 0.22 அங்குலம்) எண் பெரிதாகப் பெரிதாகத் தூரமும் துல்லியமும் கூடும் என்றும், .22 என்பது சிறுவர்கள் பழகி விட்டுவிட வேண்டிய அளவு என்றும் அக்கட்டுரை சொன்னது முழுப் பிழை. அந்தப் பிழையை நம்பிப் பணத்தை இழந்த ஒரு குடும்பத்தை நான் நேரில் அறிவேன். ஆகவே இக்கடிதம் சற்று நீண்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் 1970களின் இறுதியில் கல்லூரி என்.சி.சி.யில் .22 துப்பாக்கி பிடித்துப் பழகியவன். பிறகு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கடைசல் எந்திரத்தில் நின்று ஓய்வு பெற்றேன். இப்போது தண்டையார்பேட்டையில், ஒரு மண்டபத்தின் பின்கட்டில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் காற்றுத் துப்பாக்கியில் பத்து மீட்டர் குறி பழக்குகிறேன். புரி வெட்டுவதும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளப்பதும் என் தொழிலாக இருந்தமையால், துப்பாக்கிக் குழலை நான் ஒரு கடைசல்காரனின் கண்ணால்தான் பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு தந்தை தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையனுக்கு நல்ல கை, மூச்சை அடக்கும் பொறுமையும் இருந்தது. தம் பெயரில் உரிமம் பெறுவதற்காக அவர் அலைந்து முடித்த வேளையில், ஒரு விற்பனையாளர், ".22 எல்லாம் விளையாட்டுச் சாமான், மகன் தூரத்துக் குறி அடிக்க வேண்டுமென்றால் .30-06 வாங்குங்கள்" என்று சொல்லி முன்பணமும் வாங்கிக்கொண்டார். அந்தத் தோட்டாவைச் சுடுவதற்கு நம் பக்கத்துப் பிள்ளை போய் நிற்கக்கூடிய தளம் எது, ஒரு பெட்டித் தோட்டா என்ன விலை, சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கிக் கொடுக்கும் உதையைப் பதினாறு வயதுத் தோள் எத்தனை முறை தாங்கும் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் அந்தத் தந்தையிடம் கேட்கவில்லை. விவரம் புரிந்து பின்வாங்கியபோது முன்பணம் திரும்பி வரவில்லை. பையன் ஓராண்டு காலம் பயிற்சிக்கே வரவில்லை. உங்கள் கட்டுரையில் அதே வாக்கியத்தை அச்சில் பார்த்தபோது எனக்கு அந்தப் பையனின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

முதலில் எண்ணுக்கு வருகிறேன். .22 லாங் ரைஃபிள், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் என்ற மூன்று தோட்டாக்களின் குண்டுகளையும் மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தால், குறுக்களவில் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குக்கூட வேறுபாடு தெரியாது. எல்லாம் ஏறத்தாழ 5.7 மில்லிமீட்டர். ஆனால் முதலாவது 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள குண்டை ஒலியின் வேகத்தை ஒட்டி அனுப்புகிறது. குழல்வாயில் அதன் ஆற்றல் 140 ஜூல் அளவே. இரண்டாவது 55 கிரெயின் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 990 மீட்டர் வேகத்தில் 1,700 ஜூலுக்குமேல் ஆற்றலோடு அனுப்புகிறது. மூன்றாவது அதே 55 கிரெயின் குண்டை நொடிக்கு 1,100 மீட்டரைத் தாண்டி, 2,200 ஜூல் அளவில் அனுப்புகிறது. குழலின் துளை ஒன்றே. பின்னால் வெடிமருந்தைத் தாங்கும் பித்தளைக் கூட்டின் கொள்ளளவுதான் வேறு. அப்படியிருக்க, துளையளவின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தூரத்தைச் சொல்ல முடியும் என்பது, குழாயின் வாயை அளந்து தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது.

இந்தச் சிறு துளை, பெரு வேகத் தோட்டாக்கள் எதற்காகப் பிறந்தன என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அமெரிக்காவில் மேய்ச்சல் நிலங்களைக் குடைந்து வளை தோண்டும் பிரெய்ரி டாக் போன்ற கொறிவிலங்குகளை, பயிருக்கும் புல்லுக்கும் கேடு செய்பவை என்று கருதி அங்கே சுடுகிறார்கள்; அவ்வகை வேட்டையை வார்மின்ட் சுடுதல் என்கிறார்கள். அந்த விலங்கு வாலோடு சேர்த்தே ஏறக்குறைய ஒன்றேகால் அடிதான் இருக்கும். முந்நூறு கெஜத்துக்கு அப்பால் எழுந்து நிற்கும் அவ்வளவு சிறிய உருவத்தைத் தொட வேண்டுமானால், தூரத்தை மதிப்பிடுவதில் சிறு தவறு நேர்ந்தாலும் குண்டு பெரிதாகத் தாழ்ந்துவிடக் கூடாது; ஆகவே வேகம் வேண்டும். தரையில் பட்ட குண்டு தெறித்துப் பக்கத்து நிலத்துக்குப் போகக் கூடாது. ஆகவே பட்ட இடத்திலேயே சிதறும் மெல்லிய குண்டு வேண்டும். வின்செஸ்டர் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த .220 ஸ்விஃப்ட், 48 கிரெயின் குண்டை நொடிக்கு 4,110 அடி வேகத்தில் அனுப்பியது இந்தத் தேவைக்காகத்தான். நெடுங்காலம் துப்பாக்கிக் கலைஞர்கள் தாமாகவே செய்து பயன்படுத்திவந்த .22-250ஐ ரெமிங்டன் 1965இல் முறையான தோட்டாவாக ஏற்றுக்கொண்டது. 1955இல் வந்த .243 வின்செஸ்டர், இலகுவான குண்டு போட்டால் இந்த வேலைக்கும், கனமான குண்டு போட்டால் மானுக்கும் ஆகும் என்று விற்கப்பட்டது.

வீழ்ச்சியைக் குறைப்பதில் இந்த மெல்லிய, வேகமான குண்டுகளுக்கு நிகர் இல்லை. ஆனால் காற்றில் அவை தோற்றுவிடும். இந்த இடத்தில்தான் குறிபார்க்கும் விளையாட்டின் உயிரே இருக்கிறது என்பதால், சற்று நின்று சொல்ல விரும்புகிறேன்.

பக்கக் காற்று ஒரு குண்டை எவ்வளவு தள்ளும் என்பதை, அது பறக்கும் நேரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் அதே குண்டு அதே தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அதைவிடக் கூடுதலாக எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதோ, அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். தாமதம் எதனால் வருகிறது? காற்றின் தடையால். நீண்டு, கூர்த்து, தன் குறுக்களவுக்கு மிஞ்சிய எடையோடு இருக்கும் குண்டு வேகத்தை மெல்ல மெல்லத்தான் இழக்கும். குட்டையான இலகுவான குண்டு கிளம்பும்போது எவ்வளவு பாய்ந்தாலும் சீக்கிரமே சோர்ந்துவிடும். .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் 175 கிரெயின் குண்டு ஆயிரம் கெஜத்தில் ஏறத்தாழ பத்து மீட்டர் தாழ்ந்துபோகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் புவியீர்ப்பு நாளுக்கொரு விதமாக மாறுவதில்லை. தொலைநோக்கியின் திருகில் அதை எண்ணித் திருத்திவிடலாம். காற்றை அப்படி எண்ணித் திருத்த முடியாது. ஆகவே நெடுந்தூரத்துக்குத் துளையளவு தேடுபவர், எது குறைவாகத் தாழும் என்று கேட்பதற்கு முன்னால், நான் காற்றைத் தவறாகப் படித்தால் எது என்னை அதிகம் மன்னிக்கும் என்றுதான் கேட்க வேண்டும்.

2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மோர் இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணமும் இதுவே. 1873 முதல் நெடுந்தூரப் போட்டிகள் நடந்த நியூயார்க்கின் கிரீட்மோர் சுடுதளத்தின் பெயரைத் தாங்கிய அந்தத் தோட்டா, .308ஐவிடச் சிறிய துளையுடையது (6.5 என்பது மில்லிமீட்டர்க் கணக்கு, அங்குலத்தில் ஏறத்தாழ .26), உதையும் குறைவு. இருந்தும் ஆயிரம் கெஜத்தில் ஒரே காற்றில் .308இன் குண்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே விலகுகிறது, தாழ்வதும் குறைவு. எண் பெரிதானால் தூரம் கூடும் என்ற கூற்றுக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டுமா?

துளையளவைப் போலவே முக்கியமானதும், கடையில் யாரும் கேட்காததுமான இன்னொன்று குழலின் உட்புரி. ஒரு முழுச் சுற்றுக்குக் குண்டு எத்தனை அங்குலம் முன்னேறுகிறது என்பதே அதன் கணக்கு. பம்பரம் விட்ட யாருக்கும் இது விளங்கும்: குட்டையான பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும், உயரமான பம்பரம் வேகமாகச் சுற்றாவிட்டால் தலையாட்டும். குண்டும் அப்படியே, நீளம் கூடினால் சுழற்சியும் கூட வேண்டும். பழைய .22-250 குழல்கள் பெரும்பாலும் பதினான்கு அங்குலத்துக்கு ஒரு சுற்று வெட்டப்பட்டவை. அவற்றில் 55 கிரெயினை ஒட்டிய குண்டுகளே நிலையாகப் பறக்கும், 80 கிரெயின் நீளக் குண்டு போட்டால் பக்கவாட்டில் கவிழ்ந்து குறித்தாளில் சாவித்துளை போலக் கிழிக்கும். அதே வேளையில் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று வெட்டிய ஒரு சாதாரண .223, அந்த 80 கிரெயின் குண்டைச் சீராக அனுப்பும். அறுநூறு கெஜத்தில் காற்று வீசும் நாளில், தன்னைவிட ஆற்றல் மிகுந்த .22-250இன் 55 கிரெயின் குண்டைத் தெளிவாக வெல்லும். குண்டின் நீளத்துக்கு ஏற்ற புரியைக் கணக்கிடக் கிரீன்ஹில் என்ற கணித அறிஞர் 1879இல் தந்த சூத்திரம் இன்றும் தோராயக் கணக்குக்குப் பயன்படுகிறது. கடைசல் வேலையில் புரிக்கணக்கு பார்க்காமல் யாரும் திருகாணி வாங்குவதில்லை. துப்பாக்கியை மட்டும் ஏன் பார்க்காமல் வாங்க வேண்டும்?

அடுத்தது குழலின் ஆயுள். சிறிய துளை வழியாக நிறைய வெடிமருந்து எரிந்து போனால், தோட்டா அமரும் அறைக்கு முன்னால் புரி தொடங்கும் இடத்தில் உலோகம் வெப்பத்தால் அரிக்கப்படும். போட்டிச் சுடுநர்களின் அனுபவக் கணக்கில் .308இன் குழல் ஐந்தாயிரம் தோட்டாக்கள் வரை துல்லியம் தாங்கும், 6.5 கிரீட்மோர் இரண்டாயிரத்து ஐந்நூறு முதல் மூவாயிரம்; .243உம் .22-250உம் ஆயிரத்து ஐந்நூறை ஒட்டியே தளரத் தொடங்கும். .22 லாங் ரைஃபிளின் குழலோ பல்லாயிரம் தோட்டாக்களுக்குப் பின்னும் பந்தயத்துக்கு நிற்கும். ஆண்டுக்கு மூவாயிரம் தோட்டா பழக வேண்டிய ஒரு பிள்ளைக்கு இந்த எண்ணிக்கைகள் குடும்பத்தின் வரவுசெலவோடு சேர்ந்தவை.

என்னிடம் பயின்ற ஒருவர் இப்போது வேலை நிமித்தமாக அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இருக்கிறார். அங்கே சட்டப்படி வார்மின்ட் சுடுவதற்கும், ஓய்வு நாளில் தூரத்து இரும்புத் தகட்டைக் குறி வைப்பதற்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி வாங்க எண்ணி, "மாஸ்டர், எதை வாங்கட்டும்?" என்று தொலைபேசியில் கேட்டார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடுவது அந்த வேட்டையின் வழக்கம் என்பதால், குழல் சூடேறுவதையும் தோட்டாவின் விலையையும் கருதி, எட்டு அங்குலப் புரியுடைய கனமான குழல் கொண்ட .223ஐ முதலில் வாங்கும்படி சொன்னேன். உதை குறைவாக இருப்பதால் தன் குண்டு எங்கே விழுந்தது என்பதைத் தன் தொலைநோக்கியிலேயே பார்க்கலாம். பார்த்தால்தான் காற்றைப் படிக்கக் கற்கலாம். அறுநூறு கெஜத்துக்கு அப்பால் ஆசை வளர்ந்தால் 6.5 கிரீட்மோரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் கெஜப் போட்டிகளில் .223, .308 இரண்டை மட்டுமே அனுமதிக்கும் ஒரு பிரிவும் உண்டு. அதில் நிற்க விரும்புபவருக்குத் தேர்வு இன்னும் எளிது. இது என் கருத்து. அனுபவம் உள்ள வேறொருவர் 6 மில்லிமீட்டர்த் தோட்டா ஒன்றைச் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

நம் நாட்டில் நிலைமை வேறு என்பதைக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொழுதுபோக்குக்காகக் காட்டு விலங்கு எதையும் சுட இடமில்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக்கூட அரசின் ஆணையின்றி ஒருவர் தொடக் கூடாது. ஆகவே இங்கே வார்மின்ட் துப்பாக்கி என்று ஒன்றை விளையாட்டுப் பிள்ளைகளிடம் விற்க முனைவது தவறு. துளையளவிலும் நம் தேர்வு குறுகியது. படைத்துறைத் தோட்டா என்பதால் .303 ஆங்கிலேயர் காலத்திலேயே பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. அதற்கு மாற்றாகப் புழக்கத்துக்கு வந்ததுதான் இன்றும் இசாப்பூர்த் தொழிற்சாலையின் பெயரோடு வழங்கும் .315. கனமான, மொட்டையான குண்டு, மிதமான வேகம். காவலுக்கு ஆகும், நெடுந்தூரக் குறிக்கு ஆகாது.

மிஞ்சுவது எது? நீங்கள் சிறுவர்களுக்கானது என்று ஒதுக்கிய அந்த .22தான். 1887இல் பிறந்த அந்தத் தோட்டாவில்தான் ஒலிம்பிக்கின் ஐம்பது மீட்டர் ரைஃபிள் போட்டி இன்றும் நடக்கிறது. 2024இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் பெற்றது அதில்தான். ஐம்பது மீட்டர்க் குறித்தாளின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர், மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று வீசினால் குண்டு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் விலகும். அதாவது, காற்றைப் பொருட்படுத்தாதவன் பத்தை விட்டு வெகுதூரம் வெளியே போவான். நெடுந்தூரச் சுடுதலின் பாடம் முழுவதும் அந்த ஐம்பது மீட்டருக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். அதிவேகம் என்று அட்டையில் அச்சிட்ட .22 தோட்டாதான் மேல் என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். ஒலியின் வேகத்தை ஒட்டிய எல்லையில் காற்றின் தடை திடீரென்று ஏறுவதால், அதைத் தாண்டிப் புறப்படும் குண்டு கூடுதலான நேரத்தை இழந்து, மெதுவான போட்டித் தோட்டாவைவிட அதிகமாகவே காற்றில் விலகும். பந்தயத் தோட்டாக்களை நொடிக்கு 330 மீட்டருக்குள் வேண்டுமென்றே அடக்கி வைப்பது அதனால்தான். நம் சென்னையின் வெயிலில் ஒலியின் வேகம் 350 மீட்டரை எட்டுவதால், அந்த எல்லைக்குக் கீழே நமக்குக் கிடைக்கும் இடைவெளி குளிர்நாட்டாரைவிடச் சற்றுத் தாராளமானது.

காற்றைப் படிக்க வடசென்னையைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? வாடை, தென்றல், கோடை, கொண்டல் என்று நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்த மொழி நம்முடையது. கோடைக்காலத்தில் முற்பகல் முழுவதும் மேற்கிலிருந்து அனலாக வரும் காற்று, நண்பகலை ஒட்டிக் கடல்காற்றாகத் திரும்புவதைக் காசிமேட்டுக் கரையில் நிற்கும் எந்தப் பையனும் கன்னத்திலேயே உணர்வான். தரையில் ஒரு காற்றும் தென்னை உயரத்தில் வேறொரு காற்றும் இருப்பது காத்தாடி விட்ட தலைமுறைக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளைத் திறந்தவெளித் தளத்துக்கு அழைத்துப் போகும் நாட்களில், முதல் அரைமணி நேரம் துப்பாக்கியைத் தொடவிடாமல், கொடித்துணிகள் தளர்ந்து மறுபடி எழும் இடைவேளைகளை எண்ணச் சொல்கிறேன். எந்தத் துளையளவும் அந்த அரைமணிக்கு ஈடாகாது.

இறுதியாக ஒரு திருத்தம். இதைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் படக்குறிப்பில், .22 குண்டு நூறு மீட்டருக்குப் பின் வலுவிழந்துவிடும் என்று அச்சாகியிருந்தது. சாய்வாக மேல்நோக்கிப் போன ஒரு .22 குண்டு ஒன்றரைக் கிலோமீட்டரையும் தாண்டிப் போய் ஆளைக் காயப்படுத்தக் கூடியது. அந்தத் தோட்டாப் பெட்டிகளிலேயே இவ்வெச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் எத்தனை மொட்டைமாடிகள், எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை சந்துகள் இருக்கின்றன என்பதை உங்கள் நிருபர்கள் அறிவார்கள். வரும் ஞாயிறு இணைப்பிதழில், அந்தப் படக்குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இத்திருத்தத்தை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை.